ஸ்குவாட் எடை 30 கிலோ ஏறியும் லாங் ஜம்ப் நகரலையே, ஏன்?

உசிலை களம்:

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊர் மைதானத்துல போலீஸ் செலக்‌ஷனுக்கு எட்டுப் பசங்களைத் தயார் பண்றோம். வயசு 19-ல இருந்து 23. எடை சராசரி 62 கிலோ. நவம்பர்ல இருந்து வாரம் மூணு நாள் பார்பெல் ஸ்குவாட், அதாவது பாரைத் தோளில வச்சு உட்கார்ந்து எழுறது. அப்போ ஒரே ஒரு தடவை தூக்க முடிஞ்ச எடை 70 கிலோ, இப்போ 100. ஆனா லாங் ஜம்ப் 4.10 மீட்டர்ல இருந்து 4.15-க்குத்தான் வந்திருக்கு. செலக்‌ஷன்ல மதிப்பெண் மாதிரி ஸ்டார் கொடுப்பாங்க, ரெண்டு ஸ்டாருக்கு 4.50 வேணும். 100 மீட்டர் ஓட்டம் 14.3 நொடி, துளிகூட குறையல.

ஸ்குவாட் போடுற விதம்: 60 கிலோ, 10 தடவை, 4 செட். 3 நொடி இறக்கம், 3 நொடி ஏற்றம். கட்டுப்பாடா பண்ணினாத்தான் தசை வேலை செய்யும்னு சொன்னாங்க, அதனால.

கேள்வி மூணு. கால்ல பலம் கூடியும் தாண்டுற தூரம் ஏன் கூடல? ஒருத்தர் எடையைக் குறைச்சு வேகமாப் பண்ணுங்கங்கிறார், இன்னொருத்தர் இன்னும் ஏத்துங்கங்கிறார், எது சரி? கீழக்குயில்குடி சமணர் மலைப் படியில ஏறி இறங்க வச்சா ஏறும்போதுதான் மூச்சு வாங்குது, ஆனா மறுநாள் தொடை வலிக்கு இறங்கினதுதான் காரணம்னு பசங்க சொல்றாங்க. அது உண்மையா?

கையில இருக்கிறது: ஒரு பார், 120 கிலோ பிளேட், சிமெண்ட் சாக்கு, மணல் குழி, நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுக்கிற போன் ஒண்ணு.

தெப்பக்குளம் பிசியோ:

தம்பி, விவரமாக் கேட்டதுக்கு நன்றி. உங்க கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கு. முதல்ல அடிப்படையைச் சொல்லிடுறேன், அப்புறம் மத்ததெல்லாம் தானா விளங்கும்.

தசை எவ்வளவு வேகமாச் சுருங்குதோ, அவ்வளவுக்கு அதால தரக்கூடிய விசை குறையும். பலம் இல்லாததால இல்ல, தசையோட கட்டமைப்பே அப்படி. 1938-ல ஏ.வி. ஹில்ங்கிற உடலியல் விஞ்ஞானி தவளைத் தொடைத் தசையை வச்சு இதை ஒரு சமன்பாடாவே எழுதினார். நேர்கோடா இறங்காது, முதல்ல மளமளன்னு சரிஞ்சு, அப்புறம் மெல்லத் தேயுற வளைகோடு. அசையாமப் பிடிக்கும்போது தர்ற விசையை 100-ன்னு வச்சுக்கோங்க. சுமையே இல்லாம சுருங்கக்கூடிய உச்ச வேகத்துல பத்தில் ஒரு பங்கு வேகம் வந்தாலே விசை 64 ஆகிடும். ஐந்தில் ஒரு பங்குல 44. பாதி வேகத்துல வெறும் 17. உச்ச வேகத்துல பூஜ்யம். தசைக்குத் தசை வளைவு கொஞ்சம் மாறும், உருவம் மாறாது.

ஏன் இப்படி? கிணத்துல வாளிக் கயித்தைக் கைமாத்தி கைமாத்தி இழுக்கிறதை நினைச்சுப் பாருங்க. பத்துப் பேர் வரிசையா நின்னு ஒரே கயித்தை இழுக்கிறாங்க. கயிறு நகரலைன்னா இருபது கையும் பிடிச்ச பிடியில இருக்கும். கயிறு வேகமா ஓட ஆரம்பிச்சா ஒவ்வொரு கையும் விட்டு விட்டுப் பிடிக்கணும். எந்த நொடி எண்ணினாலும் பாதிக்கு மேல கைகள் காத்துலதான் இருக்கும். இன்னொண்ணும் நடக்கும்: விட வேண்டிய நேரத்துல விடாத கையைக் கயிறு இழுத்துட்டுப் போகும், அந்தக் கை அப்போ தடையா மாறிடும். தசைக்குள்ள மயோசின்கிற புரதத்தோட தலைகள்தான் அந்தக் கைகள், ஆக்டின்கிற இன்னொரு புரத இழைதான் கயிறு. ஒட்டணும், இழுக்கணும், தசைக்குச் சக்தி கொடுக்கிற ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்டினதும் விடணும். ஒட்டுறதுக்கும் விடுறதுக்கும் நேரம் வேணும். வேகம் கூடக் கூட ஒட்டியிருக்கிற தலைகளோட எண்ணிக்கை குறையும், பிந்தி விடுற தலைகள் பின்னாடி இழுக்கும். ரெண்டும் சேர்ந்து விசையைத் தின்னுடும்.

அடுத்து பவர். விசையை வேகத்தால பெருக்கினா பவர். அசையாப் பிடியில வேகம் பூஜ்யம், உச்ச வேகத்துல விசை பூஜ்யம், அதனால ரெண்டு ஓரத்துலயும் பவர் பூஜ்யம். உச்சம் நடுவுக்கும் கீழ, உச்ச வேகத்துல சுமார் மூணுல ஒரு பங்கு, உச்ச விசையிலயும் சுமார் மூணுல ஒரு பங்கு இருக்கிற இடத்துல வரும்.

நம்ம ஊர்ப் பழக்கத்துலயே இந்த வளைகோடு முழுசா இருக்கு. இளவட்டக்கல் தூக்குறது ஒரு ஓரம்: விசை அதிகம், வேகம் ஊருது. சிலம்பம் மறு ஓரம்: சுமை கொஞ்சம், மணிக்கட்டு பறக்குது. கர்லாக்கட்டை ரெண்டுக்கும் நடுவுல. இளவட்டக்கல்லை மட்டும் தூக்கிட்டுச் சிலம்பத்துல கை வேகமாகும்னு யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. உங்க பசங்களுக்கு நடந்தது அதுதான்.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். ஸ்குவாட்ல பார் மட்டும் சுமை இல்ல, முழங்காலுக்குக் கீழ் பாகம் போக மீதி உடம்பும் சுமை. 62 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 55 கிலோ. அப்போ அவனோட உண்மையான உச்சம் 100 + 55 = 155. வெறும் உடம்போட குதிச்சா சுமை 55, அதாவது உச்சத்துல 35 சதவீதம். நவம்பர்ல இதே 125-ல 55, அதாவது 44 சதவீதம். சுமையோட பங்கு குறைஞ்சிருக்கு, அப்போ காகிதக் கணக்குப்படி எம்பும் வேகம் கூடியிருக்கணும்.

கூடாததுக்கு மூணு காரணம். ஒண்ணு, புதுசா ஸ்குவாட் பழகுறவங்களுக்கு முதல் மாசங்கள்ல ஏறுற எடையில பெரும்பங்கு அந்த அசைவைக் கத்துக்கிட்டதால வர்றது. அது அந்த அசைவுக்கு வெளியே அவ்வளவாப் போகாது.

ரெண்டாவது, நேரம். லாங் ஜம்ப்ல பலகையை மிதிச்சு எம்புற கால் தரையில இருக்கிறது சுமார் 0.12 நொடிதான். தசை முழு விசைக்கு ஏற 0.3 நொடிக்கு மேல ஆகும். உங்க பையனுக்கு முழு பலம் வந்து சேர்றதுக்குள்ள கால் தரையை விட்டுப் போயிடுது. அதனால உச்ச பலம் எவ்வளவுங்கிறதைவிட, முதல் பத்தில் ஒரு நொடியில எவ்வளவு எழுப்ப முடியுதுங்கிறதுதான் அங்க கணக்கு.

மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அந்த 3 நொடி ஏற்றம். 60 செ.மீ. தூரத்தை 3 நொடில ஏத்தினா நொடிக்கு 0.2 மீட்டர். ஒரே தடவை தூக்க முடியுற 100 கிலோவையே உயிரைக் கொடுத்து ஏத்தினா நொடிக்கு சுமார் 0.3 மீட்டர்ல வரும். அதாவது அவங்க 60 கிலோவை 100 கிலோவை விட மெதுவாத் தூக்குறாங்க! மெதுவா ஏத்தும்போது எடைக்குச் சமமான விசை மட்டும் போதும், அதுக்கு மேல நரம்பு கட்டளையே கொடுக்காது. வேகமான இழைகளோட மோட்டார் யூனிட்டுகள் (ஒரு நரம்பு செல்லும் அது இயக்குற தசை இழைகளும் சேர்ந்த கூட்டம்) விசைத் தேவை கூடும்போதுதான் கடைசியா வேலைக்கு வரும். செட்டோட கடைசி ரெண்டு மூணு தடவை தவிர அவை உட்கார்ந்தே இருந்திருக்கும். நாலு மாசமா "அவசரப்படாதே"ன்னு நரம்புக்குப் பாடம் நடத்தியிருக்கோம்.

இறக்கம் கட்டுப்பாடா இருக்கட்டும், அது நல்லது. ஏற்றம் மட்டும் முழு வேகத்துல.

ரேஸ்கோர்ஸ் டிராக்:

பிசியோ சார் சொன்னதோட செய்முறையைச் சேர்க்கிறேன். எடையைக் குறைக்கணுமா ஏத்தணுமான்னு கேட்டீங்க. ரெண்டும் வேணும், ஆனா தனித்தனி இடத்துல. கனமான ஸ்குவாட் வளைகோட்டோட விசைப் பக்கத்தைத் தூக்கும். குதிக்கிறதும் ஓடுறதும் வேகப் பக்கத்தைத் தூக்கும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினா மறுபக்கம் அப்படியே கிடக்கும்.

வாரத்துல ரெண்டு நாள், நடுவுல 48 மணி நேர இடைவெளி. வார்ம்-அப் முடிஞ்ச உடனே, உடம்பு புதுசா இருக்கும்போது குதி வேலை. முதல்ல கனம் தூக்கிட்டு அப்புறம் குதிக்க வச்சா களைப்புல வேகம் போயிடும், குதிச்சதுக்கு அர்த்தமே இருக்காது. வெறும் உடம்போட 4 செட், செட்டுக்கு 4 எம்பல், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூச்சு விட்டு நின்னு. அடுத்து 10-லிருந்து 15 கிலோ மணல் மூட்டையைத் தோளில வச்சு 3 செட், செட்டுக்கு 3 எம்பல். ரெண்டு, மூணு நிமிஷ ஓய்வு. அதுக்கப்புறம் ஸ்குவாட்: 80-85 கிலோ, 4 தடவை, 4 செட், 3 நிமிஷ ஓய்வு. 85 கிலோ பார் பார்க்க மெதுவாத்தான் ஏறும், பரவாயில்ல. தள்ளுற எண்ணம் முழு வேகத்துல இருக்கணும். அந்த எண்ணமே பயிற்சியில பாதி.

எடையைக் குறைச்சு வேகமா ஸ்குவாட் போடுறதுல ஒரு மோசடி ஒளிஞ்சிருக்கு. 30 கிலோ பாரை வேகமா ஏத்தினா மேல போனதும் நிறுத்தியாகணும். அதனால ஏற்றத்தோட பின்பாதியில தசை தன்னாலயே வேகத்தைக் குறைக்கும். நீங்க பழக்குறது பிரேக் போட. லேசான சுமைன்னா தரையை விட்டு எம்பணும், இல்ல கையை விட்டு எறியணும். அப்போதான் கடைசி வரைக்கும் தள்ளல் இருக்கும். பாரைத் தோளில வச்சுக் குதிக்க வேண்டாம், இறங்கும்போது கழுத்துல இடிக்கும். மூட்டைதான் நல்லது.

வேற ரெண்டு நாள் 30 மீட்டர் முழு வேக ஓட்டம் 6 தடவை, ஒவ்வொண்ணுக்கும் 3 நிமிஷம் நிக்கணும். அதுல ஒரு நாள் லாங் ஜம்ப் 8-லிருந்து 10 தடவை, 12 அல்லது 14 எட்டு ஓடி வந்து. லாங் ஜம்ப் தூரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது பலகைக்கு வர்ற வேகம்தான், இதை மறக்கக் கூடாது. 14.3-ல ஓடுற பையன் 13.8-க்கு வந்தா கால் பலம் கூடாமலேயே தூரம் கூடும்.

இனி போன். ஸ்குவாட்டுக்கு சாதாரண 30 பிரேம் வீடியோவே போதும். போனைப் பார் உயரத்துக்கு, பக்கவாட்டுல, மூணு மீட்டர் தள்ளி அசையாம வையுங்க. பார் மேல கிளம்புற பிரேம்ல இருந்து நிக்கிற பிரேம் வரை எண்ணுங்க. 36 பிரேம்னா 1.2 நொடி, 60 செ.மீ. தூரத்துக்கு நொடிக்கு 0.5 மீட்டர். செட்டோட முதல் தடவை 36 வந்தா, 45 பிரேம் தாண்டுற தடவையோட செட்டை நிறுத்திடணும். அது 20 சதவீத வேக இழப்பு. அதுக்கு மேல தூக்குறது களைப்பைத்தான் சேர்க்கும்.

குதிக்கு 240 பிரேம். கால் விரல் தரையை விட்ட பிரேம்ல இருந்து திரும்பத் தொடுற பிரேம் வரை எண்ணுங்க. அந்த எண்ணை அதாலேயே பெருக்கி 470-ஆல வகுத்தா உயரம் செ.மீ.ல வரும். 120 பிரேம்னா 14,400, வகுத்தா 30.6 செ.மீ. பையன் முழங்காலை மடக்கி இறங்கினா பொய்யா உயரம் கூடும், கிளம்பின மாதிரியே கால் நீட்டி விரல்ல இறங்கணும். ஸ்லோமோஷன் வீடியோ எடிட் பண்ணிச் சேமிச்சதா இருந்தா பிரேம் எண்ணிக்கை மாறிடும், போன்ல பதிவான அசல்லயே எண்ணுங்க.

அன்னைக்கு முதல்ல 30 செ.மீ. குதிச்சவன் 27-க்கு இறங்கினா அன்னைக்குக் குதி முடிஞ்சது. ஐம்பது, நூறுன்னு எண்ணிக் குதிக்க விடுறாங்க பல மைதானத்துல. ஓய்வே இல்லாம இருபதுக்கு மேல போனா அது எம்பல் இல்ல, ஓட்டத்துக்கான தாக்குப்பிடிப்பு வேலை.

உசிலை களம்:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. 3 நொடி ஏற்றம் 100 கிலோவை விட மெதுவுன்னு கணக்குப் போட்டுப் பார்த்ததும் புரிஞ்சுது. நேத்து சாயங்காலம் ரெண்டு பசங்களை மட்டும் அளந்தேன். உட்கார்ந்த நிலையில 3 நொடி நின்னுட்டு எம்பினது, நின்ன நிலையில இருந்து சட்டுனு இறங்கி எம்பினது, ரெண்டும்.

முதல் பையன்: 115 பிரேம், 117 பிரேம். அதாவது 28 செ.மீ., 29 செ.மீ.
ரெண்டாவது பையன்: 113 பிரேம், 125 பிரேம். 27 செ.மீ., 33 செ.மீ.

ஸ்குவாட்ல முதல் பையன்தான் 10 கிலோ அதிகம் தூக்குவான். தாண்டுறதுல ரெண்டாவது பையன் 20 செ.மீ. முன்னாடி. இந்த வித்தியாசம் எதைச் சொல்லுது?

தெப்பக்குளம் பிசியோ:

அருமையா அளந்திருக்கீங்க. முதல் பையன் இறக்கத்தைப் பயன்படுத்தவே இல்ல. அவனுக்கு நின்னு எம்பினாலும் இறங்கி எம்பினாலும் ஒண்ணுதான்.

சட்டுனு இறங்கி எம்பும்போது மூணு லாபம் கிடைக்கும். இறக்கத்தை நிறுத்தும்போதே தசை விறைச்சு விசைக்கு ஏறிடும், அதனால மேல கிளம்புற முதல் கணத்துலயே விசை தயாரா இருக்கும். நேரம் பத்தலைன்னு மேல சொன்ன குறை இதால பாதி தீரும். அடுத்தது தசைநாண், தசையை எலும்போட கட்டுற நார். குதிகால் தசைநாண் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பும். கெண்டைத்தசை இழை ஏறக்குறைய அசையாம பிடிச்சு நிக்க, நீண்டு சுருங்குற வேலையை நாண் பார்த்துக்கும். மூட்டு வேகமா அசையுது, தசை இழை மெதுவாத்தான் அசையுது. அப்போ வேகத்துக்காக விசையை இழக்கிற அந்த வரியைத் தசை கட்டவே வேண்டியதில்ல. மூணாவது, நீட்டப்பட்ட உடனே தசை இழையே கொஞ்சம் கூடுதலா விசை தரும். கீழ 3 நொடி நின்னா நாண்ல சேர்ந்தது பெரும்பாலும் வீணாப் போயிடும். அதனாலதான் ரெண்டு அளவுக்கும் இடைவெளி பார்க்கிறது.

முதல் பையனுக்குக் கனத்தைக் கூட்டாதீங்க. கயிறு தாண்டுதல், கணுக்கால்லயே துள்ளுறது, 20-லிருந்து 30 செ.மீ. உயர மேடையில இருந்து இறங்கின வேகத்துலயே எம்புறது. வாரத்துக்கு மொத்தம் 40 தரைத் தொடுதலுக்கு மேல ஆரம்பத்துல வேண்டாம். 240 பிரேம் வீடியோவுல கால் தரையில இருக்கிறது 60 பிரேமுக்குள்ள, அதாவது கால் நொடிக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா மேடை உயரம் அவனுக்கு அதிகம்னு அர்த்தம், குறைங்க. ரெண்டாவது பையனுக்கு நேர் எதிர், அவனுக்குத்தான் கனமான ஸ்குவாட் பலன் கொடுக்கும்.

மேலூர் கேட்ச்சர்:

படி இறங்குற கேள்வி விட்டுப்போச்சு, நான் சொல்றேன். பசங்க சொன்னது உண்மைதான்.

தசை சுருங்கும்போது வேகத்துக்கு விசை குறையும்னு பார்த்தோம். விசை கொடுத்துக்கிட்டே நீட்டப்படும்போது கதை தலைகீழ். அசையாப் பிடியில 100 தர்ற தசையை வெளியே இருந்து இழுத்து நீட்டினா 100-ஐத் தாண்டும். தனியா எடுத்துச் சோதிச்ச தசையில 150-க்கும் மேல போகும். நம்ம உடம்புல நரம்பு கொஞ்சம் அடக்கி வைக்கும், அதனால அவ்வளவு வராது. ஒட்டியிருக்கிற தலைகளை ஏடிபி வந்து விடுவிக்கிறதுக்குப் பதிலா வலுக்கட்டாயமாப் பிய்க்க வேண்டியிருக்கு, டைட்டின் புரதமும் வில்கம்பி மாதிரி விறைச்சுக்கும்.

அதோட பலன் கபடியில தெரியும். ரைடரோட கணுக்காலைப் பிடிச்சவன் அவனைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தா பிடி நழுவும், ஏன்னா கை தசை சுருங்குது, விசை குறையுது. பிடிச்ச இடத்துல இறுக்கி நின்னு அவன் இழுப்புக்குக் கையைக் கொஞ்சம் கொஞ்சமா நீள விட்டா அதே கைக்குப் பலம் கூடும். அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்ல திமிலைக் கட்டிப்பிடிக்கிறவரும் மாட்டை இழுக்கிறதில்ல. மாடு இழுக்குது, இவர் விடாம நிக்கிறார். அந்த நிலையில தசை தர்ற விசை அதனோட உச்சம். தசை கிழியுற சம்பவமும் பெரும்பாலும் அந்த நிலையிலதான் நடக்கும்.

இப்போ படி. இறங்கும்போது தொடை முன்தசை ஒவ்வொரு படிக்கும் நீண்டுகிட்டே உடம்பைத் தாங்குது. ஒவ்வொரு இழையும் அதிகம் தாங்குறதால குறைஞ்ச இழைகளே போதும்னு நரம்பு முடிவு பண்ணும். சத்துச் செலவு குறைவு, அதனால மூச்சு வாங்கல. ஆனா வேலை செய்யுற சில இழைகள் மேல மட்டும் பாரம் குவியும், அதுல நுண்ணிய சேதம் வரும். வலி ஒரு நாளுக்குள்ள தொடங்கி, 24-லிருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும்.

நல்ல செய்தி: ஒரு தடவை இந்தச் சேதம் வந்து ஆறின தசை, அடுத்த தடவை அதே வேலைக்கு அவ்வளவு நோகாது. அந்தக் காப்பு வாரக் கணக்குல நிக்கும். அதனால முதல் நாள் முழு மலையும் இறக்காதீங்க. முதல் வாரம் 60 படி, அடுத்த வாரம் 120, அப்புறம் முழுசா. லாங் ஜம்ப் பலகையை மிதிச்ச கணத்துல முழங்கால் முதல்ல மடங்கி அப்புறம்தான் நீளும், அந்த மடங்கலைத் தாங்குறது இதே பலம்தான். அதனால படி இறங்குறதை நிறுத்தவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெயில்ல புதுசா அளவுக்கு மீறி இறக்கிவிட்டு, மறுநாள் சிறுநீர் டிகாஷன் நிறத்துல போச்சுன்னா, தொடை வீங்கி விறைச்சிருந்தா, வலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீங்க. உடைஞ்ச தசையில இருந்து வர்ற மயோகுளோபின்கிற புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

ரேஸ்கோர்ஸ் டிராக்:

மணல் மூட்டை பத்தி ஒண்ணு. காய்ஞ்ச மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ வரும். அப்போ 12 கிலோவுக்கு ஏழரை லிட்டர், பெயிண்ட் வாளியில பாதிக்குக் கீழ. ஈர மணலை அள்ளிக் கட்டினா எடை கூடிடும், காயக் காயக் குறையும், வாரா வாரம் தராசுல போட்டுப் பாருங்க. சிமெண்ட் சாக்கை அப்படியே தோளில வைக்க வேண்டாம், குதிக்கும்போது மணல் ஒரு பக்கம் ஓடும், இடுப்பு சாயும். மோட்டார் பைக் டியூப்ல நிரப்பி ரெண்டு முனையும் இறுக்கிக் கட்டி, அதைச் சாக்குத் துணியில சுத்திக் கழுத்தைச் சுத்தி மாலை மாதிரி போட்டா அசையாது. டியூப்ல முழுசா அடைச்சிடணும், நடுவுல தொளதொளன்னு விட்டா அதுவும் ஆடும்.

ஆறு வாரம் கழிச்சு அதே ரெண்டு எம்பலையும் அதே நேரத்துல, அதே தரையில அளந்து இங்க போடுங்க. குழி மணல்ல நின்னு அளக்காதீங்க, கால் புதையும், எண்ணிக்கை சரியா வராது.